நாற்பதாம் நாளுக்குப் பிறகு

1

சென்ற மாதம் என் மகள் சுமையாவுக்கு எட்டு வயது நிறைந்தது. நாங்கள் குடியிருக்கும் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிள்ளைகள் பிறந்தநாளைக் குதித்துக் கொண்டாடுகிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகை. தரை முழுக்க டிராம்போலின் விரித்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணத்தில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை, பிள்ளைக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல், பெற்றோருக்கு ஒரு காபி அடக்கம்.

வந்திருந்த அப்பாக்களில் இருவர் பிள்ளைகளோடு ஏறிக் குதித்தார்கள். அம்மாக்கள் கம்பித் தடுப்புக்கு இப்பால் வரிசையாக நின்றோம். ஒரு டச்சுப் பெண், ஒரு துருக்கிப் பெண், ஒரு போலந்துப் பெண், நான். உள்ளேயிருந்து பிள்ளைகள் கூப்பிட்டபோது ஆளுக்கொரு காரணம் வந்தது. ஒருவருக்கு முழங்கால். இன்னொருவருக்குக் காபி ஆறிவிடும். டச்சுப் பெண் மட்டும், "இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு குதித்தால் நனைந்துவிடுகிறது" என்று வானிலை சொல்லும் குரலில் சொன்னார். மற்றவர்கள் தங்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

நான் காலுறையை மாட்டிக்கொண்டு ஏறினேன். பத்துப் பன்னிரண்டு தடவை குதித்திருப்பேன். பார்க்க நன்றாக இருந்திருக்காது. சுமையா தோழிகளிடம் என்னைக் காட்டி டச்சில் ஏதோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இறங்கியபோது என் உடை காய்ந்திருந்தது. இந்தக் குறிப்பின் முதல் செய்தி அது.

இரண்டாவது செய்தி, இறங்கிக் கைபேசியைப் பார்த்தபோது கிடைத்தது. திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்யும் என் தம்பி அப்பாஸ் குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

"அக்கா, அம்மா மறுபடியும் உம்ராவுக்குப் பேர் குடுத்திருக்காங்க. போன ரெண்டு தடவ மாதிரி கடைசி நேரத்துல 'இன்னும் நாடல'ன்னு உக்காந்துட்டாங்கன்னா டிராவல்ஸ்காரர் மூஞ்சில நான் முழிக்க முடியாது. ஹாலந்துக்குப் போக நாடுச்சு, மக்காவுக்குப் போக நாடலையாமா? நீயே கேட்டுச் சொல்லு."

இறைவன் இன்னும் நாடவில்லை என்பது எங்கள் வீடுகளில் எதிர்க்கேள்வி இல்லாத காரணம். அதைச் சொல்லித்தான் அம்மா இரண்டு முறையும் மக்கா பயணத்திலிருந்து பின்வாங்கினார். உண்மையான காரணம் தம்பிக்குத் தெரியாது. எனக்கும் சென்ற ஆண்டுதான் தெரியவந்தது.

2

சென்ற ஆண்டு என் இரண்டாவது பிரசவத்துக்காக அம்மா இங்கே வந்தார். விசா விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு பகுதி உண்டு. சுற்றுலா, வணிகம், மருத்துவம், குடும்பத்தினரைப் பார்த்தல் என்று போகும். பிள்ளைப்பேறு பார்த்தல் என்று எதுவும் இல்லை. திண்டுக்கல் பஸ்ஸில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆள் எழுந்து இடம் கொடுப்பார்கள். குடும்பத்தினரைப் பார்த்தல் என்பதில் குறியிட்டேன். "விசிட் டாட்டர்" என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் அம்மாவுக்குத் தொலைபேசியில் பழக்கினேன்.

குடியேற்ற அதிகாரி முன்னால் நின்றதும் அம்மா, "டெலிவரி" என்றார். அதிகாரி கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் பிறந்த ஆண்டைப் பார்த்தார். "மை டாட்டர் டெலிவரி" என்று அம்மா வாக்கியத்தை முடித்த பிறகுதான் முத்திரை விழுந்தது.

வெளியே வந்த அம்மா என் வயிற்றையும் பார்க்கவில்லை, பேத்தியையும் தூக்கவில்லை. "பாத்ரூம் எங்கடி இருக்கு?" என்றார். உதடு வெடித்திருந்தது. திரும்பி வந்ததும் கேட்டேன்.

"பிளைட்டுல தண்ணி குடுக்கலையாம்மா?"

"குடுத்தாங்க. வேணாம்னுட்டேன்."

"அம்புட்டு நேரமுமா?"

"இங்க வந்து குடிச்சுக்கலாம்னுதான்."

எனக்கு இது வியப்பாக இல்லை. பயணத்தில் தண்ணீர் குடிக்காதவர் என்பது அம்மாவைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த தகவல். இன்னும் மூன்று தகவல்களும் உண்டு. கல்யாண மண்டபத்தில் வாசலை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார்; கூட்டம் பிடிக்காது. அத்தா, அதாவது என் அப்பா, வேடிக்கையாக எதையாவது சொல்லி வீடே சிரிக்கும்போது அவர் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார், சிரிப்பு பிடிக்காது. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவை ஒரே தொழுகைக்கு இரண்டு மூன்று முறை செய்வார், மார்க்கப் பேணுதல் அதிகம். "உங்கம்மா ஒளு செஞ்சுதான் கார்ப்பரேசன் தண்ணி தீருது" என்று அத்தா சொல்வார். உறவுப் பெண்கள் அம்மாவைத் தங்கள் மருமகள்களுக்கு உதாரணமாகக் காட்டினார்கள்.

நான்கு தகவல்களையும் நாங்கள் தனித்தனியாக வைத்திருந்தோம். நாளிதழ் ஒன்றில் எட்டு ஆண்டு துணையாசிரியராக இருந்தவள் நான். நான்கு ஊர்களிலிருந்து வரும் நான்கு துண்டுச் செய்திகளை ஒரே செய்தியாகச் சேர்ப்பதுதான் அந்த வேலை. வீட்டில் அந்த வேலையை நான் செய்ததில்லை.

3

மகன் பிறந்தான். சுகப்பிரசவம், சில தையல்கள். பிறப்பைப் பதியப் போன என் கணவரிடம் நகராட்சி அலுவலர், உங்கள் குடும்பப் பெயர் எது என்று கேட்டிருக்கிறார். இனிஷியல் என்பதை விளக்கிவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் வீட்டில் வேறொரு பேச்சுவார்த்தை முறிந்திருந்தது.

இந்த நாட்டில் பிரசவித்த பெண்ணின் வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் தினமும் ஒரு பேறுகாலப் பணியாளர் வருவார். தாயையும் சேயையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எங்களுக்கு வாய்த்தவர் மரியன். ஐம்பதைத் தாண்டியவர், மழையில் சைக்கிளில் வந்து மழையைப் பற்றி ஒன்றும் சொல்லாதவர். அவர் வந்ததும் முதல் வேலையாக ஒரு ஜாடி தண்ணீரை என் கட்டிலருகே வைத்தார். அவர் குளியலறைக்குப் போனதும் அம்மா அதை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

"பிள்ள பெத்த உடம்புக்குப் பச்சத் தண்ணியக் குடுக்குறா பாரு. வயிறு தொந்தியா போட்டுரும். தையல் சீழ் வச்சுரும்."

மரியன் வந்து ஜாடியைத் திரும்பக் கட்டிலருகே வைத்தார். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்கினால் தையலுக்கும் அடியில் இருக்கும் தசைக்கும் கேடு, பால் கொடுப்பவளுக்குத் தாகம் வேறு எடுக்கும், குடிக்கட்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா தமிழில் பதில் சொன்னார், அவர் டச்சில் பதில் சொன்னார். இரண்டாம் நாளிலிருந்து இருவரும் என்னை நம்பாமல் நேரடியாகவே பேசிக்கொண்டார்கள். புரியாததைச் சத்தத்தால் ஈடுகட்டினார்கள். ஜாடி ஒரு நாளைக்குப் பலமுறை இடம் மாறியது.

அம்மா தோற்ற இடங்களும் உண்டு, ஜெயித்த இடங்களும் உண்டு. இடுப்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வீசி ஊற்றும் குளியலை மரியன் தடுத்துவிட்டார். ஆனால் கருப்பட்டி, பூண்டு, நாட்டுக்கோழி ரசம், எண்ணெய் தேய்ப்பு, பெற்றவள் அடுப்பைத் தொடக்கூடாது என்ற கட்டளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இங்கே பெண்கள் நான்காம் நாள் கடைக்குப் போகிறோம். உங்கள் அம்மா சொல்வதுதான் சரி, படுத்திருங்கள்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "அதுலயாச்சும் புத்தி இருக்கே" என்றார்.

அறிவியல் ஒரு பக்கமும் பழக்கம் ஒரு பக்கமுமாக நின்றன என்று இதைப் படித்தால் தவறு. இங்கே குழந்தை பிறந்த வீட்டுக்கு வருபவர்களுக்கு வட்டமான காய்ந்த ரொட்டியில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவிக் கொடுப்பார்கள். ஆண்பிள்ளைக்கு நீலநிறச் சோம்பு. சோம்பு தின்றால் பால் ஊறும், கருப்பை சுருங்கும் என்றார் மரியன். ஆதாரம் கேட்டேன். "என் அம்மா சொன்னார்" என்றார். அம்மா ஒரு சோம்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதத்தான நானும் கொண்டாந்திருக்கேன், நீலச் சாயம் மட்டும் இல்ல" என்றார்.

ஊரிலிருந்து தொலைபேசி வழியாகவும் ஆலோசனை வந்தது. அம்மாவின் தங்கையான சாச்சி, முதுகில் ஊசி போட்டார்களா என்று கேட்டார். போட்டிருந்தால் ஆயுசுக்கும் இடுப்புவலி போகாதாம். போடவில்லை என்றேன். எனக்கும் இடுப்பு வலித்தது. சுமந்த வயிறும், குனிந்து தூக்குவதும், கூன் போட்டுப் பால் கொடுப்பதும்தான் காரணம், ஊசி போட்டாலும் குத்திய இடம் சில நாள் நோவதோடு சரி என்றார் மரியன். பால் கொடுக்கும் வரை அடுத்தது தங்காது என்றும் சாச்சி உறுதியளித்தார். அவருடைய மூத்த மகன்கள் இருவருக்கும் இடையே ஒரு வயது வித்தியாசம்கூட இல்லை.

4

மூன்றாம் நாள் அம்மா பெட்டியிலிருந்து பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்தார். பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது. நீளவாக்கில் கிழித்து மடித்து வைத்திருந்தார். வயிறு கட்டுவதற்கு. கட்டாவிட்டால் வயிறு உள்ளே போகாது, காற்றுப் புகுந்துவிடும்.

சேலையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அம்மா காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தபோது மரியன் உள்ளே வந்தார். திட்டவில்லை. துணியைத் தொட்டுப் பார்த்து நல்ல பருத்தி என்றார். நடக்கும்போது தாங்கலாகத் தளர்த்திக் கட்டிக்கொள், தப்பில்லை, இறுக்காதே என்றார். வயிறு சுருங்குவதைக் கட்டு செய்வதில்லை, கருப்பை தானே சுருங்கும், அதற்கே ஆறு வாரம் போல ஆகும், வயிற்றுத் தசை சேர இன்னும் நாளாகும். பிறகு குழந்தைக்குப் பூசும் களிம்புக் குழாயை எடுத்து, மூடியைத் திருகிவிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்து நடுவில் இறுக்கினார். களிம்பு கீழே இறங்கி வாய் வழியாக வெளியே வந்தது.

"மேலே இறுக்கினால் உள்ளே இருப்பது எங்கே போகும்?" என்றார்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மா களிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சேலையை மடித்து வைத்தார். அன்று மாலை வரை ஜாடி இடம் மாறவில்லை.

மறுநாள் மரியன் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். ரத்தப்போக்கு எப்படி, தையல் எப்படி, அழுகை வருகிறதா. கடைசியாக, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறதா என்றார். கொஞ்சம் என்றேன். சுமையா பிறந்ததிலிருந்தே என்றும் சேர்த்துக்கொண்டேன். எழுதிக்கொண்டு, ஆறு வாரம் கழித்து அதற்கென்று இருக்கும் பயிற்சியாளரைப் பார், சரிசெய்யலாம் என்றார்.

"என்ன கேட்டா?" என்றார் அம்மா. சொன்னேன்.

"இதெல்லாமா கேப்பாங்க? நீ என்ன சொன்ன?"

"கொஞ்சம் போகுதுன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"சரியாயிரும்னா."

"சரியாயிருமாமா?"

அன்று மதியம் ரசம் ஊற்றும்போது மறுபடியும் கேட்டார். "அவ சொன்னாளே, அது நெசமாவே சரியாயிருமா?" மாலையில் மரியன் சைக்கிளை எடுக்கும்போது இன்னொரு முறை. ஒரே கேள்வியை ஒருவர் மூன்று முறை கேட்டால் அது அடுத்தவருக்கான கேள்வியாக இருக்காது. செய்தி சேகரிக்கப் போனவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் நான் அப்போது தூங்கிவிட்டேன். பிரசவித்து நான்கு நாள் ஆகியிருந்தது.

5

எங்கள் குடும்பத்தில் பேறுகாலம் நாற்பது நாள். நாற்பதாம் நாள் தலைக்குக் குளித்துத் தொழ ஆரம்பித்தால் உடம்பு பழையபடி ஆகிவிட்டது என்பது தீர்ப்பு. தீர்ப்பு சொல்வதற்கு முன் உடம்பிடம் யாரும் விசாரிப்பதில்லை. இங்கும் ஆறு வாரத்தில் மருத்துவமனையில் ஒரு சந்திப்பு உண்டு. எல்லாம் நலமா என்று எழுந்துகொண்டே கேட்பார்கள். நலம் என்று எழுந்துகொண்டே சொல்ல வேண்டும். இரு நாடுகளின் ஒற்றுமைகளில் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு பயிற்சியாளரிடம் போனேன். அம்மா ஊர் திரும்ப இன்னும் சில வாரம் இருந்தது. குழந்தையைப் பிடித்துக்கொள்ள உடன் வந்தார். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து ஒரு தொட்டில் போலத் தாங்கும் தசைகளைப் பற்றிப் பயிற்சியாளர் பேசினார். இடுப்புத்தளத் தசை என்ற சொல்லை நாளிதழின் பெண்கள் இணைப்பில் நானே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அறுவை செய்து பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை வராது என்று நினைத்திருந்தேன்; அவர்களும் வருகிறார்கள், பத்து மாதம் சுமந்தது அவர்களும்தானே என்றார். கசிவது பலருக்கும் நடப்பது, அதனாலேயே அது இயல்பு என்று விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார்.

பிறகு என்னைப் படுக்கவைத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூலையில் நாற்காலியில் மடியில் கைப்பையோடு அம்மா. தள்ளுவண்டியில் குழந்தை தூங்கியது.

"என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு நேரம் பேசுறா?"

வேறு வழியில்லை. "குசு வந்தா நாலு பேர் முன்னாடி அடக்குவோம்ல, அது மாதிரி உள்ள இழுத்துப் பிடிக்கணுமாம்."

"அதத்தான் காலம் பூரா செஞ்சுக்கிட்டு இருக்கோம். அப்புறம்?"

"அப்புறம் விட்டுரணுமாம். முழுசா. பிடிக்கிறது பாதி, விடுறது பாதியாம்."

அம்மா இதை யோசித்தார். சற்று நேரம் கழித்துப் பயிற்சியாளர் என் தலைக்கு மேலே மூலையைப் பார்த்து, "உங்கள் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூச்சு விட்டுக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்" என்றார். திரும்பினேன். அம்மா கைப்பையை இறுகப் பிடித்து, எதிரே சுவரைப் பார்த்தபடி, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் முகத்தோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

"எத்தனை நாளாக?" என்று பயிற்சியாளர் அம்மாவையே கேட்டார். நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"அப்பாஸ் பொறந்ததுலருந்து" என்றார் அம்மா.

தம்பிக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. அவன் பிறந்த எடையை இன்றும் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். தொட்டில் கயிற்றை மாற்ற வேண்டியிருந்ததாம். ஆண்டுக் கணக்கை மொழிபெயர்த்தேன். பயிற்சியாளர் என்னை நிமிர்ந்து பார்த்து, ஆண்டுதானா, வாரமா என்று சரிபார்த்துக்கொண்டார்.

"மருத்துவரிடம் காட்டவில்லையா?"

"பிள்ள பெத்தா இப்படித்தான்னு இருந்துட்டேன்."

"யார் அப்படிச் சொன்னது?"

அம்மா சொன்னார்: "யாரும் சொல்லல. யாருகிட்டயும் கேக்கலையே."

இந்த வயதிலும் தசை பழகும் என்றார் பயிற்சியாளர். முழுவதும் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது, குறையும். ஊரில் ஒரு பெண் மருத்துவர் பரிசோதித்தாக வேண்டும், தேவைப்பட்டால் வேறு வழிகளும் உண்டு. அம்மாவின் பயணக் காப்பீட்டில் இது சேராது என்பதை நான் நினைவூட்டினேன். நான் அவருக்குச் சிகிச்சை எதுவும் தரவில்லை, மூச்சு விடத்தான் சொன்னேன் என்றார் அவர்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா தானாகவே பேசினார்.

"வயித்த இறுக்கிக் கட்டினாங்க. தண்ணி குடுக்கல. வெளிக்குப் போகவே உசுரு போச்சு. நாப்பது முடிஞ்ச மறுநாள் குடத்தத் தூக்கிக்கிட்டுக் குழாயடிக்குப் போனேன். அன்னைக்கு ஆரம்பிச்சது."

"என்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்லம்மா."

"எதைன்னு சொல்லச் சொல்ற? நெத்தி தரையில பட சுஜூது போனா போயிரும், ஒளு முறிஞ்சுரும். திரும்பச் செய்வேன். திரும்ப முறியும். இவளுக்குப் பேணுதல்ங்கிறாளுக. அங்க மக்காவுல, அம்புட்டுக் கூட்டத்துல, கஅபாவச் சுத்திக்கிட்டு இருக்கும்போது ஆயிருச்சுன்னா எங்க போயி நிப்பேன்? அப்பாஸ விட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்டக் கேக்கச் சொல்லவா? 'நாடல'ன்னுட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததற்குக் காத்திருந்தோம்.

"உங்கத்தா ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பாரு. நான் எந்திரிச்சுப் போயிருவேன். கடைசி வரைக்கும் எனக்கு அது பிடிக்கலன்னுதான் நெனச்சாரு" என்றார் அம்மா. பிறகு, "நல்லாத்தான் சொல்லுவாரு" என்றார்.

அத்தா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

6

அந்த வாரம் சுமையா பள்ளியில், வீட்டுக்கு வந்த தம்பிப் பாப்பாவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பாப்பாவைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, என் அம்மாவும் என் நன்னியும் (பாட்டியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) மூத்திரத் தசைக்குப் பயிற்சி செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். எல்லாம் டச்சில். தமிழில் அவளுக்கு இந்தச் சொற்கள் தெரியாது, நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. அம்மா பதறிப்போனார்.

"ஊரெல்லாம் சொல்லிருச்சா?"

"கிளாஸ்ல மட்டும்தான்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"கை தட்டுனாங்களாம்."

"எதுக்குத்தான் கை தட்டுறதுன்னு இல்ல இந்த ஊர்ல" என்றார் அம்மா.

ஊருக்குப் போன பிறகு அம்மா ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தார். இடுப்புவலி என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். கருப்பை லேசாக இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு அறுவை வேண்டாம், பயிற்சியை விடாதீர்கள் என்றாராம். அடுத்து பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்தும் ஆலிமா ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டார். என்னைவிட வயதில் குறைந்த பெண். அம்மா சுற்றி வளைத்துத் தொடங்கியதுமே அந்தப் பெண் நேராகச் சட்டத்துக்கு வந்துவிட்டாராம். குனிந்தால் போகிறது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து சைகையால் தொழலாம். கஅபாவைச் சுற்றும் தவாஃபின்போது முறிந்தால் போய் ஒளு செய்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை.

"யோசிக்கவே இல்லடி அந்தப் புள்ள. தெனம் கேக்குற கேள்விக்குச் சொல்ற மாதிரி படபடன்னு சொல்லுது" என்றார் அம்மா.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில், "பண்ணியா?", "பண்ணியாச்சு" என்ற உரையாடல் வழக்கமானது. "என்ன பண்ணியாச்சு? ரெண்டு பேரும் என்னத்தக் கடத்துறீங்க?" என்று தம்பி பின்னாலிருந்து கேட்பான். ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதத்தில், "முன்ன மாதிரி இல்ல" என்றார். குளிர்காலத்தில், "சளி பிடிச்சா அம்புட்டுத்தான், மத்தபடி தேவலாம்" என்றார். முழுவதும் நின்றுவிடவில்லை. இன்றும் நின்றுவிடவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்டேன். அம்மா நிபந்தனைகளோடு சம்மதித்தார்.

"எழுது. பேரப் போடாத. தெருவப் போடாத. திண்டுக்கல்னு போடு, பெரிய ஊருதான. அப்பாஸ் பேரையும் மாத்திரு. படிக்க மாட்டான். பேப்பர்ல தோல் விலைய மட்டும்தான் பாப்பான். ஆனாலும் மாத்திரு."

மாற்றிவிட்டேன்.

7

புறப்பட வேண்டிய நாள் நேற்று. முந்தைய இரண்டு முறையும் அம்மா பின்வாங்கியது பெட்டி கட்டி முடித்த பிறகுதான். அதனால் கட்டியாச்சா என்று நான் கேட்கவில்லை. "பயமா இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டேன். "இருக்கு. செத்த நேரம் போனை வையி, தொழுதுட்டு வாரேன்" என்றார். பிறகு அழைக்கவில்லை. அலுவலகத்தில் ஒரே மின்னஞ்சலை இரண்டு பேருக்குத் தவறாக அனுப்பினேன்.

மாலையில் தம்பி அழைத்தான். பின்னால் திருச்சி விமான நிலையத்தின் அறிவிப்புச் சத்தம்.

"உள்ள அனுப்பியாச்சுக்கா. சாச்சியும் கூட இருக்காங்க. எனக்குத்தான் மானம் போச்சு."

"என்னடா ஆச்சு?"

"வேன்ல ஏறும்போதே ஒரு பாட்டில் தண்ணிய மடமடன்னு குடிச்சாங்க. அம்மா, திருச்சி வரைக்கும் வண்டி நிக்காதுன்னு சொன்னேன். 'ஏலே, நிப்பாட்டச் சொன்னா நிக்கும், பிரேக்கு எதுக்கு இருக்கு'ங்கிறாங்க. வையம்பட்டி தாண்டல, சத்தமா, 'தம்பி, ஒரு பெட்ரோல் பங்க்காப் பாத்து நிப்பாட்டுப்பா, பாத்ரூம் போகணும்'னாங்க. முன் சீட்ல ஹஜ்ரத் உக்காந்திருக்காரு. வண்டி பூரா ஆளு."

"நிப்பாட்டினாரா?"

"நிப்பாட்டாம என்ன செய்வாரு? விசயம் அது இல்ல. அம்மா எறங்குனாங்க. பின்னாடியே சாச்சி எறங்குச்சு. அப்புறம் அந்த மூணாவது சீட்டுக்காரம்மா. அப்புறம் பாத்தா, வண்டியில இருந்த பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் எறங்கிட்டாங்கக்கா. ஒரு ஆள் மிச்சமில்ல. அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கல. அங்க இருக்குறது ஒரே ஒரு பாத்ரூம். ஆம்பளைங்க நாங்க மட்டும் வண்டிக்குள்ள ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"அம்மா?"

"அதான் எனக்குப் புரியல. மொதல்ல எறங்குனவங்க, எல்லாரையும் முன்னாடி விட்டுட்டு, சாச்சி என்னமோ சொல்லச் சொல்ல சிரிச்சுக்கிட்டு, வரிசையில கடைசியா நிக்கிறாங்க. அவசரம்னு வண்டிய நிப்பாட்டுனவங்க எதுக்குக்கா கடைசி ஆளா நிக்கணும்?"

தெரியலடா என்றேன்.